ரோமானியர் தங்கள் நாகரிகத்தைக் கட்டி எழுப்பியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானியரைப் பற்றிப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பேரரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளும் நினைவிருக்கும். அந்த அரசு அன்றாடம் எப்படி இயங்கியது என்பது பெரும்பாலும் சொல்லப்படாமலே போய்விடுகிறது. கால்வாய் உடைந்தால் அதைச் சீர்செய்தவர் யார், படைவீரனின் ஓய்வுத்தொகை எங்கிருந்து வந்தது, போரில் தோற்ற ஊரார் பின்னர் ரோமின் பக்கம் நின்றது ஏன் என்பன போன்ற கேள்விகளுக்கே இங்கு முதலிடம் தரப்படுகிறது.

ரோம் என்பது நகரமா, குடியரசா, பேரரசா?

மூன்றுமே பொருந்தும், காலம்தான் வேறு. மரபுவழிக் கணக்குப்படி கி.மு. 753இல் நகரம் தோன்றியது. கி.மு. 509இல் கடைசி மன்னரான தர்க்குவினியசை விரட்டிவிட்டு மக்கள் குடியரசை நிறுவினர். கி.மு. 27இல் ஆகஸ்டஸ் என்ற பட்டத்தை ஏற்ற ஆக்டேவியனிடமிருந்து பேரரசர்களின் காலம் தொடங்குகிறது. கி.பி. 117இல், பேரரசர் டிராஜன் இறந்த ஆண்டில், ஆட்சிப் பரப்பு பிரிட்டனிலிருந்து மெசபொத்தேமியா வரை விரிந்திருந்தது. மேற்குப் பகுதியின் கடைசிப் பேரரசர் கி.பி. 476இல் பதவி இழந்தார். கிழக்குப் பகுதி கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்டு 1453 வரை நீடித்தது.

மன்னர் இல்லாத குடியரசில் அதிகாரம் யார் கையில் இருந்தது?

மன்னரை விரட்டியவர்களுக்கு இருந்த பெரிய அச்சம், இன்னொருவர் மன்னராகிவிடக் கூடாது என்பதுதான். அதனால் தலைமைப் பதவியான கான்சல் பதவிக்கு ஒருவரை அல்ல, இருவரைத் தேர்ந்தெடுத்தனர், பதவிக்காலம் ஓராண்டு, ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் தடுக்க முடியும். வழக்குகளுக்குப் பிரேட்டர், சந்தை, தெரு, விழாக்களுக்கு ஈடில், கருவூலத்துக்குக் குவெஸ்டர், குடிக்கணக்குக்கும் அரசு ஒப்பந்தங்களுக்கும் சென்சார் என ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருந்தார். பெரும் ஆபத்து வந்தால் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கும் சர்வாதிகாரி பதவியும் இருந்தது, ஆனால் அதற்கு ஆறு மாத வரம்பு உண்டு. பதவியிலிருந்தவர்களும் இருந்து இறங்கியவர்களும் அமர்ந்த செனட் சபை, சட்டப்படி ஆலோசனை கூறும் அமைப்பாக இருந்தபோதிலும், நடைமுறையில் அரசின் முதுகெலும்பாக விளங்கியது.

இதை மக்களாட்சி என்று சொல்லிவிட முடியாது. கான்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவையில் வாக்குகள் தலைக்கணக்கில் எண்ணப்படவில்லை. மக்கள் சொத்து மதிப்பின்படி 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுவுக்கு ஒரு வாக்கு என எண்ணப்பட்டது. தொடக்க கால அமைப்பில் குதிரைவீரர் குழுக்களும் முதல் வகுப்புச் செல்வர் குழுக்களும் சேர்ந்தே 98 ஆகிவிடுவதால், அவர்கள் ஒன்றுபட்டால் ஏழைகளின் முறை வருவதற்கு முன்பே தேர்தல் முடிந்துவிடும். இந்த அநீதியை எதிர்த்து, சாமானியரான பிளபியர் கி.மு. 494இல் நகரை விட்டே வெளியேறினர். படையில் சேர ஆள் இல்லாமல் போகவே செல்வர் இறங்கிவந்தனர். சாமானியரைக் காக்கும் டிரிபியூன் பதவி அப்படிப் பிறந்தது. டிரிபியூன் ஒருவர் எந்த அதிகாரியின் செயலையும் நிறுத்திவைக்க முடிந்தது. வாள் எடுக்காமல், வெறும் ஒத்துழையாமையால் பெற்ற உரிமை என்பதால், ரோமின் வரலாற்றில் இது தனித்து நிற்கும் நிகழ்ச்சி என்றே கருதுகிறேன்.

தோற்ற மக்களை ரோமானியர் எப்படி நடத்தினர்?

ரோமின் நீண்ட ஆயுளுக்கு ஒரே காரணத்தைச் சொல்லச் சொன்னால், சாலைகளையும் படைகளையும் விட்டுவிட்டு இக்கேள்விக்கான விடையையே சொல்வேன். கி.மு. 338இல் அண்டையிலிருந்த இலத்தீன் நகரங்களின் கலகத்தை அடக்கிய ரோம், அவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தண்டிக்கவில்லை. சில ஊர்களுக்கு முழுக் குடியுரிமையும், சிலவற்றுக்கு வாக்குரிமை இல்லாத குடியுரிமையும், பிறவற்றுக்குக் கூட்டாளி என்ற நிலையும் கொடுத்தது. கீழ்நிலையில் இருந்த ஊர் காலப்போக்கில் மேல்நிலைக்கு ஏறவும் வழி இருந்தது. கூட்டாளிகளிடம் ரோம் பொன்னைவிட ஆளையே அதிகம் கேட்டது. போர் வந்தால் இத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும் என்பதே உடன்படிக்கை.

இதன் பலன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் தளபதி ஹனிபாலின் படையெடுப்பில் தெரிந்தது. கி.மு. 216இல் கானே களத்தில் ரோம் தன் வரலாற்றின் மிகக் கொடிய தோல்வியைச் சந்தித்து, ஒரே நாளில் பல்லாயிரம் வீரர்களை இழந்தது. கப்புவா போன்ற சில நகரங்கள் ஹனிபாலிடம் சென்றன என்றாலும், இலத்தீன் நகரங்களும் நடு இத்தாலியும் விலகவில்லை; அங்கிருந்து மீண்டும் மீண்டும் படை திரட்ட முடிந்ததால்தான் ரோம் பிழைத்தது.

குடியுரிமை தானாக விரிந்துகொண்டே போகவில்லை. ரோமின் போர்களில் இரத்தம் சிந்திய இத்தாலியக் கூட்டாளிகள் சம உரிமை கேட்டபோது செனட் மறுத்தது, கி.மு. 91இல் அவர்கள் ஆயுதம் ஏந்திய பிறகே, அடுத்த ஆண்டு வந்த ஜூலியச் சட்டம் விசுவாசமாக இருந்த கூட்டாளிகளுக்குக் குடியுரிமை அளித்தது. கி.பி. 48இல் வட காலியாவின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பெருங்குடியினர் செனட்டில் அமரலாமா என்ற விவாதம் எழுந்தபோது, நகரம் தோன்றிய காலம் முதலே அயலாரை ஏற்று வளர்ந்தது ரோம் என்று பேரரசர் கிளாடியஸ் வாதிட்டார். அந்த உரையைப் பொறித்த வெண்கலப் பலகையின் பகுதி லியோன் நகரில் 1528இல் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா, ஆட்சிப் பரப்பிலிருந்த அடிமையல்லாத குடிகள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். வரி வருவாயைப் பெருக்கவே அப்படிச் செய்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ குறை கூறுகிறார். நோக்கம் எதுவாயினும், அதற்கு முன்பே டிராஜன் இஸ்பானியாவிலிருந்தும் (இன்றைய ஸ்பெயின்) செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவிலிருந்தும் வந்து அரியணை ஏறியிருந்தனர். வென்றவரின் அரியணையில் மாகாணத்தில் பிறந்தவர் அமர முடிந்தது என்பது பண்டைய உலகில் சிறிய செய்தி அல்ல.

இவ்வளவு பெரிய பரப்பை ஆள எத்தனை அதிகாரிகள் தேவைப்பட்டனர்?

வியக்கத்தக்க அளவு குறைவு. ஆளுநரும் அவருடைய சிறிய அலுவலர் குழுவும் மட்டுமே மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். வரி திரட்டுவது, சந்தையைக் கவனிப்பது, தெருவைச் செப்பனிடுவது ஆகிய எல்லா வேலைகளையும் அந்தந்த நகரத்தின் மன்றமே செய்தது. அதில் அமர்ந்தவர்கள் உள்ளூர்ச் செல்வர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாறாக, பதவி ஏற்றால் கைப்பணத்திலிருந்து குளியல் மண்டபமோ அரங்கமோ கட்டித்தருவதே மரபு. இஸ்பானியாவின் இர்னி என்ற சிற்றூருக்கு ரோம் வழங்கிய நகரச் சாசனம் 1981இல் வெண்கலப் பலகைகளாகக் கிடைத்தது. அதிகாரிகளின் கடமை, தேர்தல் முறை, வழக்கு விசாரணை எல்லாம் அதில் விதிகளாக எழுதப்பட்டுள்ளன. அதே வாசகங்களைக் கொண்ட வேறு ஊர்களின் சாசனங்களும் கிடைத்திருப்பதால், ஒரே மாதிரிப் படியை வைத்து ஊர் ஊராக நிர்வாகத்தை நிறுவினர் என்பது உறுதியாகிறது.

இந்த ஏற்பாட்டின் நன்மையையும் குறையையும் ஒருங்கே காட்டுபவை, கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் பித்தினியா மாகாணத்தின் (இன்றைய துருக்கியில் உள்ளது) ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்கள். நிகோமீடியா நகரம் கால்வாய் ஒன்றுக்கு 33,18,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) செலவிட்டுப் பாதியில் கைவிட்டது. பிறகு வேறொன்றுக்கு 2,00,000 செலவிட்டு அதையும் கைவிட்டது. நகரத்துக்குத் தண்ணீர் தேவைதான், ஆனால் இவ்வளவு பணம் யாருடைய குற்றத்தால் வீணானது என்பதையும் விசாரியுங்கள் என்று டிராஜன் பதில் எழுதுகிறார். அதே நகரில் பெருந்தீ மூண்ட பின், 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைக்கலாமா என்று பிளினி கேட்டபோது, அப்படிப்பட்ட குழுக்கள் அரசியல் கட்சிகளாக மாறிவிடும் என்று சொல்லி டிராஜன் மறுத்துவிட்டார். பணத்துக்குக் கணக்குக் கேட்ட அரசு, மக்கள் தாமாகக் கூடுவதை நம்பவில்லை.

சாலைகள் யாருக்காகப் போடப்பட்டன?

முதலில் படைகளுக்காக. கி.மு. 312இல் சென்சார் அப்பியஸ் கிளாடியஸ் ரோமிலிருந்து கப்புவாவுக்கு அமைத்த அப்பியன் சாலை, இத்தாலியின் மலைநாட்டு மக்களான சாம்னியருடன் நடந்த போருக்குப் படை அனுப்பும் தேவையிலிருந்து பிறந்தது. பின்னாளில் அது தென்கிழக்குத் துறைமுகமான பிருந்திசியம் வரை நீண்டது. மண்ணைத் தோண்டி அடித்தளம் இட்டு, கல்லும் சரளையும் அடுக்கி, நீர் இருபுறமும் வடியும்படி நடுப்பகுதியைச் சற்று உயர்த்தினர். மைல்கற்களில் தொலைவுடன், சாலையைப் போட்டவர் அல்லது செப்பனிட்டவர் பெயரையும் பொறித்தனர். ஆகஸ்டஸ் காலத்தில் அரசுத் தூதர்களுக்கு வழிநெடுக வண்டியும் விலங்கும் மாற்றித்தரும் அஞ்சல் ஏற்பாடு உருவாயிற்று. கி.மு. 9இல் சாகக் கிடந்த தம்பியைப் பார்க்க, பின்னாளில் பேரரசரான டைபீரியஸ் ஒரு பகலும் இரவும் சேர்ந்த நேரத்தில் 200 ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 300 கிலோமீட்டர், பயணம் செய்ததாக, இளைய பிளினியின் மாமனான மூத்த பிளினி எழுதுகிறார்.

எனினும் சாலையால்தான் வணிகம் செழித்தது என்பது பாதி உண்மையே. கனமான சரக்கை மாட்டுவண்டியில் கொண்டுபோவது மிகுந்த செலவு பிடிக்கும். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீசியன் வெளியிட்ட விலைக் கட்டளையைக் கொண்டு கணக்கிட்டவர்கள், மத்தியதரைக் கடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானியத்தைக் கப்பலில் அனுப்புவது, அதைத் தரைவழியே 120 கிலோமீட்டர் கொண்டுசெல்வதைவிட மலிவு என்று காட்டியுள்ளனர். பேரரசின் சரக்கைச் சுமந்தது கடல்தான்.

நகரங்களுக்குத் தண்ணீர் எப்படி வந்தது?

உயரமான ஊற்றிலிருந்து தாழ்வான நகரத்துக்கு, சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு. அவ்வளவு எளிமையான கோட்பாட்டை நிறைவேற்றத் தேவைப்பட்ட துல்லியம்தான் மலைக்க வைக்கிறது. தென் பிரான்சின் நீம் நகரத்துக்குச் சென்ற கால்வாய் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளம். அத்தனை தொலைவுக்கும் மொத்த இறக்கம் 13 மீட்டருக்கும் குறைவு. இன்றும் சுற்றுலாப் பயணிகள் திரளும் போந்து கார் என்னும் மூன்றடுக்குப் பாலம், அந்தக் கால்வாய் ஓர் ஆற்றைக் கடக்கும் இடம் மட்டுமே. படங்களில் நாம் பார்க்கும் வளைவுகள் கால்வாய்களின் சிறு பகுதிதான். பெரும்பகுதி மண்ணுக்கடியில் மூடிய வழியாகவே சென்றது. அதனால் நீர் தூய்மையாகவும் பகைவர் கண்ணில் படாமலும் இருந்தது.

கட்டுவதைவிடப் பேணுவதே கடினம் என்பதை ரோமானியர் அறிந்திருந்தனர். நகரத்தின் நீர் நிர்வாகத்தைச் சீரமைத்தவர் ஆகஸ்டசின் நண்பர் அக்ரிப்பா. அவர் தம் சொந்தச் செலவில் வைத்திருந்த 240 பணியாளர்கள் அவர் இறந்த பின் அரசுக்கு உரியவர்களாயினர். கிளாடியஸ் மேலும் 460 பேரைச் சேர்த்தார். இந்த 700 பேரும் அடிமைகள். கி.பி. 97இல் நீர் ஆணையராகப் பொறுப்பேற்ற ஃப்ரொண்டினஸ், தம் கீழ் இருப்பவர்கள் சொல்வதை நம்பி நடக்கும் நிலை ஒரு பொறுப்பாளருக்கு இழிவு என்று கருதி, அப்போதிருந்த ஒன்பது கால்வாய்களையும் ஆராய்ந்து எழுதிவைத்தார். வந்துசேரும் நீருக்கும் கணக்கில் காட்டப்படும் நீருக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதை அவர் கண்டார். குழாயைத் துளைத்து நீர் திருடியவர்களும், அனுமதித்த அளவைவிடப் பெரிய குழாய்களைப் பொருத்திய பணியாளர்களும் அதற்குக் காரணம். தனியார் இணைப்புகளின் தொடக்கத்தில் அளவு முத்திரை இட்ட வெண்கலக் குழல் இருக்க வேண்டும் என்பது விதி. கால்வாயைத் தாங்கும் வளைவுகளின் இருபுறமும் 15 அடிக்குள் மரமோ கட்டடமோ கூடாது என்று கி.மு. 11இல் செனட் ஆணையிட்டிருந்தது. இரண்டாண்டு கழித்து வந்த சட்டம், கால்வாயை வேண்டுமென்றே துளைப்பவருக்கு 1,00,000 செஸ்டர்ஸ் தண்டம் விதித்தது. பயனற்ற பிரமிடுகளோடு தம் கால்வாய்களை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஃப்ரொண்டினஸ் எழுதும் இடத்தில், தம் பணியை உயிராக நேசித்த ஒரு நிர்வாகியின் குரலைக் கேட்கிறேன்.

ரோமானியக் கான்கிரீட்டின் சிறப்பு என்ன?

நேப்பிள்ஸ் வளைகுடாவில் கிடைத்த எரிமலைச் சாம்பல். அதைச் சுண்ணாம்புடனும் உடைகற்களுடனும் சேர்த்தால், நீருக்கடியிலும் இறுகும் கலவை கிடைக்கும். யூதேயாவின் செசரியா துறைமுகத்தைக் கட்ட அந்தச் சாம்பலைக் கடல்வழியே இத்தாலியிலிருந்தே கொண்டுவந்தனர். நீற்றாத சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்துச் சூடாகவே கலந்ததால் உள்ளே தங்கிய வெள்ளைத் துகள்கள், பின்னாளில் விரிசல் வழியே நீர் புகும்போது கரைந்து விரிசலை அடைக்கின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

ரோமில் உள்ள பந்தியன் கோயிலின் குவிமாடம் இந்தக் கலையின் உச்சம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126ஐ ஒட்டி முடிந்த அதன் விட்டம் 43.3 மீட்டர், உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் அதுவே பெரியது. அடியில் சுமார் 6 மீட்டர் தடிப்புள்ள ஓடு, மேலே போகப்போக மெலிந்து, திறப்பை ஒட்டி 1.2 மீட்டர் ஆகிறது. அடியில் கனமான கல்லும், உச்சியில் நீரில் மிதக்குமளவு லேசான நுரைக்கல்லும் கலந்தனர். பாரத்தைக் கீழிருந்து மேலாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதைச் சமன்பாடு எதுவுமின்றி, கட்டிக் கட்டிப் பெற்ற பட்டறிவாலேயே அறிந்திருந்தனர்.

படை எப்படி அமைக்கப்பட்டிருந்தது?

ஏறத்தாழ 5,000 வீரர் கொண்ட படையணி லெஜியன் எனப்பட்டது. ஆகஸ்டஸ் 28 படையணிகளை வைத்திருந்தார், கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று அழிந்தன. குடியுரிமை இல்லாத மாகாணத்தார் துணைப்படைகளில் சேர்ந்து, பொதுவாக 25 ஆண்டுகள் பணியாற்றிய பின் குடியுரிமை பெற்றனர். ஓய்வுபெறும் வீரர்களின் தொகைக்காகவே கி.பி. 6இல் தனிக் கருவூலம் தொடங்கி, 5 விழுக்காடு வாரிசுரிமை வரியையும் 1 விழுக்காடு ஏல விற்பனை வரியையும் அதற்கு ஒதுக்கினார் ஆகஸ்டஸ். ஓய்வுத்தொகைக்காகத் தளபதியின் கையை எதிர்பார்த்த வீரர்களே குடியரசை வீழ்த்திய உள்நாட்டுப் போர்களில் கருவிகளானார்கள் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர்.

பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரத்துக்குச் சோறு போட்டது யார்?

எகிப்தும் வட ஆப்பிரிக்காவும். கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் குறைந்த விலையில் தானியம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார், கி.மு. 58இல் அது இலவசமாயிற்று. ஆகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேர் இலவசத் தானியம் பெற்றனர். பெரிய கப்பல்கள் வந்து நிற்பதற்காகக் கிளாடியஸ் ஆஸ்தியா அருகே புதிய துறைமுகம் கட்டினார். டிராஜன் அதனுடன் அறுகோண வடிவில் உட்குளம் ஒன்றைச் சேர்த்தார். எண்ணெய் வந்த சாடிகளை உடைத்துக் குவித்தே நகருக்குள் ஒரு குன்று உருவாகிவிட்டது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்துடன் இன்றும் நிற்கும் அந்த தெஸ்தாச்சோ குன்றின் சில்லுகளில், அனுப்பியவர் பெயரும் எடையும் மையால் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இவையெல்லாம் அடிமைகளின் உழைப்பால் நடந்தவை அல்லவா?

பெருமளவுக்கு ஆம், இதைச் சொல்லாமல் ரோமின் சாதனைகளைப் பேசுவது முறையாகாது. கி.மு. 57இல் வட காலியாவின் அதுவாதுசி இனத்தாரின் கோட்டையைப் பிடித்தபோது 53,000 பேரை ஒரே விற்பனையில் விற்றதாக ஜூலியஸ் சீசர் தாமே எழுதுகிறார். இஸ்பானியாவின் புதிய கார்த்தேஜ் அருகே வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறிப்பிடுகிறார். கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் போர் இரண்டாண்டுகளில் நசுக்கப்பட்டது; பிடிபட்ட 6,000 பேர் கப்புவா முதல் ரோம் வரை, மேலே புகழப்பட்ட அதே அப்பியன் சாலையின் ஓரங்களில் சிலுவையில் அறையப்பட்டனர். உரிமையாளர் முறைப்படி விடுவித்த அடிமை குடியுரிமை பெற்றதும், அதன்பின் பிறந்த அவருடைய மகன் பதவிக்கும் போட்டியிட முடிந்ததும் உண்மையே. வீட்டிலும் கடையிலும் பணிபுரிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இல்லை.

பெண்களுக்கு என்ன இடம் இருந்தது?

வாக்குரிமையும் பதவியும் இல்லை. சொத்து வைத்துக்கொள்ளவும், மணவிலக்குப் பெறவும், காலப்போக்கில் தொழில் நடத்தவும் முடிந்தது. பொம்பெயில் யூமாக்கியா என்ற பெண் பூசகர் சந்தைவெளியில் தம் பெயரால் கட்டிய பெரிய கட்டடத்தின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

பண்டைத் தமிழகத்துடன் ரோமுக்கு இருந்த தொடர்பு எத்தகையது?

வணிகத் தொடர்பு; அதுவும் பெரிய அளவில். எகிப்தின் செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். யவனரின் மரக்கலம் சேரர் துறைமுகமான முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ (கறி என்பது மிளகு) என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுவதும், இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சை உறிஞ்சுகிறது என்று மூத்த பிளினி புலம்புவதும் ஒரே வாணிபத்தின் இரு கரைகளிலிருந்து எழுந்த குரல்கள். வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று, முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும், ஹெர்மப்போலன் என்ற கப்பலில் வந்த தந்தம் முதலிய சரக்கின் மதிப்பையும் தருகிறது. அது சுமார் 70 இலட்சம் செஸ்டர்ஸ். அச்சரக்குக்கு அரசு விதித்த சுங்கம் நான்கில் ஒரு பங்கு. ஆகவே பிளினியின் புலம்பலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை: தமிழகத்து மிளகு ஒவ்வொரு மூட்டையாக எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ரோமின் கருவூலமும் நிறைந்தது. பெரனிக்கே, குசேர் அல் காதிம் ஆகிய செங்கடல் துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்துள்ளதால், தமிழரும் அங்கே சென்றிருந்தனர் எனலாம். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும், ரோமானிய நாணயங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்.

இவ்வளவு உறுதியான அமைப்பு ஏன் சரிந்தது?

ஒரே காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 3ஆம் நூற்றாண்டில் அடிக்கடி பேரரசர்கள் மாறினர், படைக்குக் கூலி கொடுப்பதற்காக வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்துகொண்டே போயினர், கொள்ளைநோய் பரவியது, எல்லையில் அழுத்தம் கூடியது. அரசு அதிக வரி கேட்டு, குறைந்தால் மன்ற உறுப்பினரே தம் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்றபோது, முன்பு பெருமையாகத் தேடிய நகரப் பதவியிலிருந்து செல்வர்கள் தப்பி ஓடத் தொடங்கினர். அந்த ஓட்டத்தைத் தடுக்க மகனும் தந்தையின் பதவியை ஏற்றே தீர வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. உள்ளூராரின் விருப்பத்தின்மீது நின்ற நிர்வாகம் கட்டாயத்தின்மீது நிற்க வேண்டியதாயிற்று. என் பார்வையில், மேற்கின் சரிவில் இதுவே மிக ஆழமான விரிசல். கி.பி. 439இல் ஜெர்மானிய இனத்தாரான வண்டலர் கார்த்தேஜைப் பிடித்ததும் வட ஆப்பிரிக்காவின் தானியமும் வரியும் கைவிட்டுப் போயின.

ரோமானியச் சட்டம் பேரரசோடு மறைந்துவிட்டதா?

இல்லை. கி.மு. 451, 450ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைக்கப்பட்ட சட்டம், ஆண்டுதோறும் பிரேட்டர்கள் வெளியிட்ட அறிக்கைகளாலும் சட்ட அறிஞர்களின் விளக்கங்களாலும் வளர்ந்தது. கான்ஸ்டாண்டினோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 529 முதல் 534 வரை அதைத் தொகுத்தார். அத்தொகுப்பை 11ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இத்தாலியின் பொலோஞாவில் பயிலத் தொடங்கினர். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவி, நெதர்லாந்தில் உள்ளூர் வழக்குகளோடு கலந்து ரோமன்-டச்சுச் சட்டமாயிற்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் அது இலங்கைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதைத் தொடரவிட்டனர். இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம் அதுவே. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை விடை தராத இடங்களில் நீதிமன்றங்கள் ரோமன்-டச்சுச் சட்டத்தையே நாடுகின்றன.